ஃப்ரீசரைத் திருகிய விரல்

அத்தியாயம் ஆறு

“பிணம் எதுவும் இல்ல, காக்,” என்று ஃப்ரீசருக்குள் தலையை விட்டிருந்த கிம் ஹோக் அங்கிருந்தபடியே அறிவித்தான். “ஒரு கோழி மட்டும் இருக்கு. அதுவும் இயற்கையா செத்த மாதிரி தெரியல.”

ஜுனைடா சிரிக்கவில்லை. சிரித்தால் இவன் நிறுத்த மாட்டான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூவார் டவுனில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் அவளுடைய துப்பறியும் ஆபீஸ் இருந்தது. அதற்கு முன்பு சூப்பர்மார்க்கெட்டில் திருடர்களைப் பிடிக்கும் வேலை. பழைய ஃப்ரிட்ஜ் வாங்கி விற்றுக்கொண்டிருந்த கிம் ஹோக், வியாபாரத்தைவிட வாய் பெரிதாகிவிட்டதால் அவளிடம் வந்து சேர்ந்தவன். அவளைவிட மூத்தவன்தான். ஆனாலும் ஊர் வழக்கப்படி ‘காக்’, அதாவது அக்கா என்றே கூப்பிடுவான். அப்படிக் கூப்பிட்டால் தன் வயது குறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

ஓடிப்போன கணவன், காணாமல் போன மோட்டார் சைக்கிள், பொய்க் கையெழுத்து என்று எத்தனையோ பார்த்தாயிற்று. வீட்டு ஃப்ரீசர் அளவுக்கு மீறிக் குளிருகிறது என்று ஒருத்தி துப்பறிவாளரைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

“மூணு மெக்கானிக் பார்த்துட்டாங்க, காக் ஜூன்,” என்றாள் அந்த ஒருத்தி. பெயர் ஸுரையா. மேஜை நாற்காலி செய்யும் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கணவன் கப்பலில். பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. கைக்குழந்தை உமைர் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். “பெட்டியில கோளாறே இல்லைன்னு மூணு பேரும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஆனா திடீர்னு ஒரு நாள் வேலை விட்டு வந்து பார்த்தா உள்ள எல்லாம் கல்லு. இவனுக்காகப் பீச்சி வெச்ச பால் பையெல்லாம் விறைச்சுப்போய், எடுக்கும்போதே ஓரத்துல விரிசல் விடுது. உருகினதும் அத்தனையும் ஒழுகிப்போகுது. தூக்கத்தை விட்டு எடுத்த பால், காக். கொட்டும்போது அழுதுட்டேன்.”

கிம் ஹோக் தலையை வெளியே எடுத்தான். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தான். வரவில்லை. “ரப்பர் கெட்டி. குளிரை அளக்குற கம்பி அதுக்குண்டான இடத்துல உக்காந்திருக்கு.” பிறகு உள்ளே இருந்த குமிழை ஏழிலிருந்து மூன்றுக்குத் திருகினான். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் முனகிவிட்டு அடங்கியது. “பாருங்க, சொன்னா கேக்குது. எங்க வீட்டுல இப்படி ஒரு ஜீவன் கிடையாது.”

“அப்போ மெஷின் மேல தப்பில்ல.”

“மெஷின் அப்பாவி, காக். யாரோ அதைக் கெடுக்கறாங்க.”

ஸுரையா வேகமாகத் தலையாட்டினாள். “நான் எப்பவும் மூணுலதான் வைப்பேன். கல்லாகிற அன்னிக்கெல்லாம் ஏழுல இருக்கு.”

“எத்தனை தடவை?” என்றாள் ஜுனைடா.

“நாலு.”

“பகல்ல வீட்டுல யாரு?”

“காக் மஸ்னா. எங்க அண்ணன் கமாருலோட மனைவி. அவங்கதான் உமைரைப் பார்த்துக்கறாங்க. அவங்க தங்கம், காக். அவங்களைச் சந்தேகப்படாதீங்க.”

“வேற குழந்தை உண்டா?”

“அவங்க பொண்ணு இன்ஷிரா கூட வரும். போன வருஷக் கடைசியில தத்தெடுத்தாங்க. ரெண்டு வயசாகப் போகுது. சோறு சாப்பிடுற பொண்ணு.” சொல்லிவிட்டு ஸுரையா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். ஜுனைடா அதைக் கவனித்தாள். கவனித்ததோடு சரி. அதற்காகத் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அவள் கண் பால் பைகளின் மேல் போயிற்று. ஸுரையா ஒழுங்குக்காரி. ஒவ்வொரு பையையும் படுக்க வைத்து உறைய விட்டு, அட்டை அட்டையாக அடுக்கியிருந்தாள். எல்லாம் தட்டை. கடைசி வரிசையில் நாலு மட்டும் அடிவயிறு உப்பி, நின்றவாக்கில் உறைந்திருந்தன.

“இந்த நாலையும் நீங்க நிக்க வெச்சீங்களா?”

“நான் எதையுமே நிக்க வைக்க மாட்டேனே.”

ஜுனைடா கண்ணைக் காட்டினாள். கிம் ஹோக் ஒரு பையின் மூலையை வெட்டி, ஒரு துணுக்கை உள்ளங்கையில் உருக்கி, நாக்கில் வைத்தான். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

“பால்தான். ஆனா மாட்டுதும் இல்ல, மனுஷியோடதும் இல்ல. மரத்தோடது.”

“என்ன உளர்றே?”

“தேங்காய்ப்பால், காக்! ஒரு கை உப்பும் பாண்டான் இலையும் போட்டா நாசி லெமாக் சோறு ஆக்கிடலாம்.”

ஸுரையாவின் கை குழந்தையின் முதுகை இறுக்கிக்கொண்டது. “என் பிள்ளைக்கு இதைக் கொடுத்தாங்களா?”

“இல்ல, கொடுத்திருந்தா இது இங்க இருக்காது,” என்றாள் ஜுனைடா. “இது குடிக்க வெச்சது இல்ல, எண்ண வெச்சது. நீங்க வீட்டுக்கு வந்ததும் பையை எண்ணுவீங்களா?”

“தினமும்.”

“அதான். ஒருத்தர் ஒரு பையை எடுக்கறாங்க. அதே பையில தேங்காய்ப்பாலை ஊத்தித் திரும்ப வைக்கறாங்க. நீங்க வர்றதுக்குள்ள அது கெட்டியாகணும். கொழுப்பு ஜாஸ்தி, லேசுல இறுகாது. அதனால குமிழை ஏழுக்குத் திருகறாங்க. நீங்க வர்ற வரைக்கும் அது ஏழுலயே இருந்தாகணும். நாலு தடவை ஏழு, நாலு பை தேங்காய்ப்பால். கணக்கு சரியா இருக்கா?”

கிம் ஹோக் மெல்லக் கைதட்டினான். “உடம்பு ஏத்துற பசங்க தாய்ப்பாலை வாங்கிக் குடிக்கிறாங்களாம், காக். மீசை வெச்ச குழந்தைங்க. விலை கொடுத்து வாங்கறாங்கன்னு கேள்வி.”

விற்பனை! ஜுனைடாவுக்கு அது சட்டென்று பொருந்திப்போயிற்று. சூப்பர்மார்க்கெட் புத்தி அவளுடையது. எடுத்தவர் விற்பார், அவ்வளவுதான்.

“நாளைக்கு ஒரு சங்கிலி போடுவோம்,” என்றாள். “உமைருக்கு வேணுங்கிற பாலை ஐஸ் பெட்டியில எடுத்து வெச்சிட்டுப் போங்க. ரிப்பேர் நடக்குது, ஃப்ரீசரை நாள் முழுக்கத் திறக்கக் கூடாதுன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லிடுங்க. திறக்க யார் துடிக்கிறாங்கன்னு பார்ப்போம்.”

“அவங்களை அவமானப்படுத்திடாதீங்க, காக்.”

“திருடலைன்னா அவங்களுக்கு என்ன அவமானம்?” என்றாள் ஜுனைடா, ரொம்பத் தெளிவாக.

* * *

மறுநாள் ஃப்ரீசர் கைப்பிடிக்கும் கீழ்க்கதவின் கைப்பிடிக்கும் நடுவே கிம் ஹோக்கின் சைக்கிள் சங்கிலி பூட்டோடு தொங்கியது. அவன் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நல்ல திருகாணிகளைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தான். ஜுனைடா மெக்கானிக்கின் முதலாளி என்ற பெயரில் சமையலறை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

மஸ்னா ஒல்லியான பெண். நடந்தால் சத்தம் வராது. உமைருக்கு நேரத்துக்குப் பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், தாலாட்டினாள். ஒரு குறை சொல்ல முடியாது. இன்ஷிரா அவள் முந்தானை போலக் கூடவே திரிந்தது. பிறகு கிம் ஹோக்கைக் கண்டுபிடித்து, அவன் மடியில் ஏறிக்கொண்டது. அவன் தன் டிபன் பையிலிருந்து பிஸ்கெட்டும் வாழைப்பழப் பலகாரமும் எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

“என் ஜோக்குக்கு இந்த வீட்டுல சிரிக்கிற ஒரே ஆள் இவதான்,” என்று ஜுனைடாவிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

காலையில் மஸ்னா வந்து கேட்டாள்: “காக், மீன் எடுக்கணும். கொஞ்சம் திறக்கலாமா?”

“இன்னிக்குத் திறக்கக் கூடாது.”

மத்தியானம்: “தலைவலி. ஒரே ஒரு ஐஸ் கட்டி.”

“பாவம். மாத்திரை தரட்டுமா?”

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அவள் சமையலறைக்கு வந்தாள். ஜுனைடா கழிவறைக்குப் போவதாகப் பாவனை செய்து, கதவோரம் நின்று பார்த்தாள். மஸ்னா சங்கிலியை இழுக்கவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தாள். மறுபடியும் சங்கிலியைப் பார்த்தாள்.

இதுதான் சமயம் என்று ஜுனைடா உள்ளே வந்தாள். “யாருக்கு வித்தீங்க, மஸ்னா?”

மஸ்னா திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. “விக்கிறதா?”

“மறைக்காதீங்க. நாலு பை தேங்காய்ப்பாலை எடுத்துப் பார்த்தாச்சு. குமிழ் நாலு தடவை ஏழுல நின்னிருக்கு. நாலு தடவை திருடியிருக்கீங்க.”

“நாலுதான், காக். மறைக்கல.” மஸ்னா கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றாள். “அஞ்சு வேணும். இன்னும் ஒண்ணே ஒண்ணு. மக்ரிப்புக்குள்ள, பொழுது சாயறதுக்குள்ள.”

ஜுனைடா பிடித்த திருடர்கள் எல்லோரும் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். இப்படிக் கூட்டிக் கேட்டவர் யாருமில்லை. அஞ்சு. மக்ரிப். கிம் ஹோக்கின் மடியில் உட்கார்ந்து வாயெல்லாம் பிஸ்கெட் தூளாகச் சிரித்துக்கொண்டிருந்த தத்துப் பெண்ணை அவள் திரும்பிப் பார்த்தாள்.

“யா அல்லாஹ்,” என்றாள்.

“என்ன காக்? யார்கிட்ட வித்தாங்களாம்?” என்றான் கிம் ஹோக்.

“யாருக்கும் விக்கல, ஹோக். வாயை மூடு.” குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. கொஞ்சம் தணிந்து சொன்னாள்: “தத்தெடுத்த பொண்ணு பெரியவளானா, எங்க முறைப்படி வளர்த்த அப்பா அவளுக்கு அந்நிய ஆம்பளை. வீட்டுக்குள்ளயே முக்காடு போடணும். கையைத் தொடக் கூடாது. ஆனா ரெண்டு வயசு முடியறதுக்குள்ள அந்த அப்பாவோட கூடப்பிறந்தவ பாலை வயிறு நிறைய அஞ்சு வேளை குடிச்சிட்டா, அவ அந்தக் குடும்பத்துப் பிள்ளை. பால் கொடுத்தவ அம்மா. அம்மாவோட அண்ணன் தாய்மாமன். தொடலாம், தூக்கலாம், ஒண்ணும் தப்பில்ல.”

நம்மூர்ப் பக்கம் தாய்மாமனைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு என்று சொன்னால் மூவாரில் காதைப் பொத்திக்கொள்வார்கள். அங்கே தாய்மாமன் தகப்பனுக்குச் சமானம்.

கிம் ஹோக் தன் கையிலிருந்த பிஸ்கெட்டைப் பார்த்தான். “வயிறு நிறையவா?” என்று மெதுவாகக் கேட்டான். “காக், காலையிலேர்ந்து இவளுக்கு நான் என் டிபன் பை முழுக்கக் கொடுத்திருக்கேன்.”

மஸ்னா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பெருநாள் அன்னிக்கு எல்லாப் பிள்ளைங்களும் அப்பா கையைப் பிடிச்சு முத்தம் வைக்கும்,” என்றாள். “இவ மட்டும் தள்ளி நிக்கணும். ஏன்னு அவ கேப்பா. அவர் என்ன சொல்லுவார்? இப்பவே ராத்திரி அவர் நெஞ்சு மேல படுத்தாதான் தூங்கறா.”

“ஸுரையாகிட்ட கேக்க வேண்டியதுதானே?”

“இவளைக் கூட்டிட்டு வந்தோம். ஸுவுக்குப் பிரசவமாகி நாற்பது நாள் முடிஞ்சதும் அவர் தங்கச்சிகிட்ட போய்க் கேட்டார். என் பிள்ளைக்கே பத்தலைன்னு சொல்லிட்டா. அவர் பேசாம வந்துட்டார். அப்புறம் உமைரைப் பார்த்துக்க நான் இங்க வந்தேன். பால் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன்.” அவள் ஃப்ரீசரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “உமைர் மேல சத்தியமா, அவனுக்கு ஒரு வேளை குறைச்சதில்ல. நாலு எடுத்துட்டேன். அஞ்சாவதைத் திருடக் கூடாது, கேட்டு வாங்கணும்னு இருந்தேன். முதல் பையிலேர்ந்தே தினமும் அவ வந்ததும் வாசல்ல நின்னு வாயைத் திறப்பேன். நாளைக்குச் சீக்கிரம் வரட்டுமான்னு கேட்டுட்டுப் போயிடுவேன். இன்னிக்கு மக்ரிப்போட இவளுக்கு ரெண்டு முடியுது. திருடியாவது கொடுத்திடலாம்னு வந்தேன். சங்கிலி தொங்குது.”

சங்கிலியின் சாவி ஜுனைடாவின் சட்டைப் பையில் இருந்தது. அவளுக்கு அந்தச் சாவியைத் தொடவே கூசியது. நாலு பையை எண்ணத் தெரிந்தவளுக்கு, அஞ்சாவது எதற்கு என்று தோன்றவில்லையே! தெரியாத சட்டமா? அவள் பெரியம்மா வீட்டிலேயே நடந்த விஷயம். விற்பனை என்று நினைக்க சௌகரியமாக இருந்தது, நினைத்துவிட்டாள். ஒரு பிள்ளையின் கடைசி நாளைப் பிடுங்கி, பூட்டுப் போட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“திறந்து விடுங்க, காக்,” என்றாள் மஸ்னா. “சுடுதண்ணியில போட்டு உருக்கிடுவேன். ஸுவுக்குத் தெரிய வேண்டாம்.”

ஜுனைடா சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். சங்கிலியை உருவித் தரையில் போட்டாள். ஆனால் கதவைத் திறக்கவிடாமல் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

“பால் என்னோடது இல்ல, உன்னோடதும் இல்ல. உடையவ வரட்டும்.”

“அவ இல்லைன்னு சொல்லிட்டா?”

“சொன்னா, அந்தப் பாவம் என் தலையில. ஹோக், வேனை எடு. ஸுரையாவைக் கையோட கூட்டிட்டு வா. வழியில ஜோக் சொல்லாதே.”

“எனக்கு ஒண்ணும் வரல, காக்,” என்றான் கிம் ஹோக். அவன் அப்படிச் சொன்னதை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

* * *

மழை பிடித்துக்கொண்டது. பாலத்தில் நெரிசல். வேன் வந்து நிற்கும்போது வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஸுரையா நனைந்த செருப்போடு உள்ளே வந்தாள். விஷயத்தைக் கிம் ஹோக் வழியிலேயே சொல்லியிருக்கிறான் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

“என் வீட்டுக்குள்ள, என் பிள்ளை பாலை!” என்று மஸ்னாவைப் பார்த்துக் கத்தினாள். “உங்களை நம்பி என் உசிரையே விட்டுட்டுப் போறேன், காக் நா! தேங்காய்ப்பாலை ஊத்தி என்னை முட்டாளாக்கினீங்களா? நான் அதை எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டேன்!”

“ஆமா, ஸு. தப்புதான்,” என்றாள் மஸ்னா. தலையைத் தூக்கவில்லை.

“ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

மஸ்னா தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் ஸுரையாவுக்குத் தான் கேட்டது என்ன என்று உறைத்திருக்க வேண்டும். வாய் பாதியில் நின்றது. சத்தம் கேட்டுப் பயந்துபோன இன்ஷிரா மஸ்னாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தது.

“திட்டுறதை நாளைக்கு வெச்சுக்கலாம்,” என்றாள் ஜுனைடா. “சங்கிலி போட்டது நான். அவங்களைத் திருடின்னு சொன்னதும் நான்தான். உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. இருக்குன்னா, நேரம் இல்ல.”

கிம் ஹோக் ஃப்ரீசரிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினான். நேற்றைய ஏழின் குளிர் இன்னும் அதில் இருந்தது. ஸுரையா அதை வாங்கினாள், மேஜையில் வைத்தாள். டக்கென்று செங்கல் வைத்த சத்தம் கேட்டது.

“இது வேண்டாம், இப்பவே பீச்சித் தர்றேன்,” என்றாள். குனிந்து கை நீட்டினாள். “வாடி இங்க. உன் கப்பு எங்க?”

இன்ஷிரா தயங்கி, பிறகு தன் மஞ்சள் கப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஸுரையா அதை இடுப்பில் தூக்கி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மஸ்னா கதவுக்கு வெளியே சுவரோடு சாய்ந்தாள். கிம் ஹோக் வாசற்படியில் மழைச் சாரலில் போய் நின்றுகொண்டான். பிறகு ஸுரையாவின் குரல் கேட்டது. முதலில் கெஞ்சல். அப்புறம் ஒரு பாட்டு. அப்புறம் கோபம் போல. “இன்னும் கொஞ்சம்டி. பிஸ்கெட் தின்னவளே, இன்னும் ஒரு வாய்.”

கிம் ஹோக் காதைப் பொத்திக்கொண்டான். ஜுனைடா ஜன்னலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். அவள் வாழ்க்கையில் எத்தனையோ பேர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வேண்டியிருக்கிறாள். ஒரு திருட்டு முழுசாக முடிய வேண்டும் என்று வேண்டியது இன்றைக்குத்தான்.

கதவு திறந்தது. ஸுரையாவின் தோளில் இன்ஷிரா அரைத் தூக்கத்தில் கிடந்தது. ஸுரையா கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

“முழுசும் குடிச்சா. தானா தள்ளி விட்டா. நான் பிடுங்கல.”

அவள் சொல்லி முடித்த பிறகுதான் ஆற்றங்கரைப் பள்ளிவாசலிலிருந்து மக்ரிப் பாங்கு கேட்டது. மஸ்னா அப்படியே மடங்கி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஸுரையா ஜுனைடாவின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: “காக் ஜூன், நாளைக்குப் பால் உறவு உண்டான்னு யாராவது கேட்டா நீங்கதான் சாட்சி. அஞ்சு தடவையும் நானே மனசாரக் கொடுத்தேன்னு சொல்லுங்க. திருட்டுன்னு பேச்சே வர வேண்டாம்.”

ஜுனைடா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல மனசுதான். மஸ்னாவைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள். ஆனால் அதே பொய் இன்னொருத்தியையும் காப்பாற்றுகிறதே.

“சொல்றேன்,” என்றாள் ஜுனைடா. “உங்க அண்ணன்கிட்டயும் அப்படியே சொல்லட்டுமா? நீங்க ஆரம்பத்துலேர்ந்தே மனசாரக் கொடுத்தீங்கன்னு?”

ஸுரையாவின் முகம் சிவந்தது. அவள் வாயைத் திறக்குமுன் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மனைவியையும் மகளையும் கூட்டிப்போக கமாருல் தினமும் வரும் நேரம். நாலு பையும் சங்கிலியும் அவனுக்குத் தெரியாது. இன்றைக்கு மக்ரிப்போடு என்ன முடிகிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். மழைக்கோட்டோடு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கேட்டருகிலேயே நின்றான். உள்ளே வரப் பிரியமில்லாதவன் போல இருந்தது.

ஸுரையா குடை எடுக்கவில்லை. இன்ஷிராவின் தலையைத் தன் முக்காட்டால் மூடிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். ஜுனைடாவுக்குப் போய்த் தடுக்கலாமா என்று இருந்தது. கிம் ஹோக் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அபாங்,” என்றாள் ஸுரையா, அண்ணனைப் பார்த்து. “அன்னிக்கு நீங்க வந்து கேட்டப்ப, என் பிள்ளைக்கே பத்தலைன்னு சொன்னேனே.”

“அதை விடு, ஸு. போனது போச்சு. பிள்ளை நனையறா பாரு.” அவன் கையை நீட்டினான்.

ஸுரையா மகளை உடனே கொடுக்கவில்லை. “எவ பெத்ததோன்னு நினைச்சேன், அபாங். அதை வாய்விட்டுச் சொல்லக் கூசிட்டு அப்படிச் சொன்னேன்.” முக்காட்டை இன்ஷிராவின் தலைமேல் இன்னும் இழுத்துவிட்டாள். “ஃப்ரீசர் நிறைய இருந்துச்சு.”